ஓடருக்குத் தைக்கும் ஆடைகளில் வடிவமைப்பு மாற்றங்களுக்கு எதுவரை இடம் கொடுப்பது?

தெஹிவளைத் தையலகம்

அனைவருக்கும் வணக்கம். தெஹிவளையில் ஒரு சிறிய தையலகம் நடத்தி வருகிறேன். அலுவலகச் சீருடைகள், பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டிகளுக்கான ரீசேட்டுகள், திருமண வீட்டாருக்கு ஒரே துணியில் தைக்கும் உடைகள் என்று பெரும்பாலும் ஐம்பது முதல் இருநூறு உருப்படிகள் வரையான ஓடர்களே எங்களிடம் வருகின்றன. பெரிய தொழிற்சாலைகள் இந்த எண்ணிக்கையைத் திரும்பியும் பார்ப்பதில்லை. தனியாகத் தைக்கும் ரெயிலர் ஒருவரால் இதைக் குறித்த நாளில் முடித்துக் கொடுக்கவும் இயலாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் எங்கள் தொழில் ஓடுகிறது.

எங்களிடம் வருபவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னரே, தாங்கள் விரும்பியபடி மாற்றித் தருவோமா என்று கேட்கிறார்கள். கொலரை மாற்றலாமா, கையை நீட்டலாமா, பொக்கற்றை எடுத்துவிடலாமா என்று கேள்விகள் நீளும். அதற்கெல்லாம் ஆம் என்று சொல்வதால்தான் ஓடர் கையில் கிடைக்கிறது. ஆனால் வேலை தொடங்கிய பின்பும் அதே கேள்விகள் வட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருக்கும்போது, கிடைக்க வேண்டிய இலாபம் முழுவதும் அதிலேயே கரைந்துவிடுகிறது. இரவில் தங்கி வேலை செய்ய வேண்டியவர்கள் மெஷினில் இருக்கும் பெண்கள். அவர்களில் சிலர் வத்தளைக்கும் ஹோமாகமவுக்கும் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள். மாற்றமே கிடையாது என்று எழுதி ஒட்டிவிட்டால், புறக்கோட்டையில் ஆயத்த ஆடை வாங்குவதற்கும் எங்களிடம் வருவதற்கும் என்ன வேறுபாடு இருக்கப் போகிறது? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எந்த இடத்தில் கோடு கிழிக்கிறீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

கொட்டாஞ்சேனை ரெயிலர்

சகோதரிக்கு வணக்கம். ஆட்கள் கொலரையும் பொக்கற்றையும் பற்றிக் கேட்டாலும், உடை உடம்பில் சரியாக உட்கார்ந்துவிட்டால் பாதிக் கேள்விகள் தாமாகவே நின்றுவிடும் என்பது என்னுடைய அனுபவம். சாரி பிளவுஸ் தைக்கும் எவரும் பக்கத் தையலில் உள்ளே ஓரங்குலமாவது துணி விட்டுத் தைப்பார்கள். பிள்ளை பிறந்த பின்போ, உடம்பு சற்று வைத்த பின்போ அந்தத் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். ஆயத்த ஆடையில் அந்த வசதி கிடையாது. அரை அங்குலத்துக்கும் குறைவாகவே துணியை விட்டு, ஓவர்லொக் மெஷின் எஞ்சிய விளிம்பையும் வெட்டிக்கொண்டு போய்விடும். சீருடை ஓடர்களிலும் பக்கத் தையலிலும் காற்சட்டையின் பின் நடுத் தையலிலும் துணி விட்டுத் தையுங்கள். துணிச் செலவு சிறிதளவு கூடும். கொடுத்த பின்பு வரும் முறைப்பாடுகளில் பெரும்பகுதியை அரை மணி நேர வேலையில் தீர்த்துவிடலாம்.

வெட்டுமேசை

ஏற்றுமதித் தொழிற்சாலைகளில், உடையின் ஒவ்வொரு துண்டையும் எந்த வடிவத்தில் வெட்டுவது என்று தாளில் தீட்டும் பற்றன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கொட்டாஞ்சேனை அண்ணன் சொன்னது முழுக்கச் சரி, ஆனால் இருநூறு பேருக்குத் தைக்கும்போது அது மட்டும் போதாது.

வாடிக்கையாளர்கள் கேட்கும் மாற்றங்களில் சில ஏறக்குறையச் செலவே இல்லாதவை. வேறு சில முழு ஓடரையும் நட்டத்தில் தள்ளக்கூடியவை. எந்த மாற்றம் எந்த வகையில் சேரும் என்பது, நீங்கள் முதலில் பற்றனைத் தீட்டிய விதத்திலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

ஒரு சேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கழுத்து வளைவு ஒன்று, கை வந்து பொருந்தும் வளைவு மற்றொன்று. இந்த இரண்டு இடங்களையும் ஓர் அளவுக்கு ஒரு தடவை நிறுவிவிட்டுப் பிறகு கைவைக்காமல் இருந்தால், எத்தனையோ உடைகளை ஒரே உடற்பகுதியிலிருந்து எடுக்கலாம். நீங்கள் வைத்திருக்கும் எல்லாக் கொலர்களின் கீழ்ப்பட்டியும் அதே கழுத்து வளைவின் நீளத்துக்குத் தீட்டப்பட்டிருந்தால், சாதாரண கொலரும், மடிப்பில்லாத பட்டிக் கொலரும், நுனியில் பொத்தான் வைத்த கொலரும் ஒரே உடலில் ஏறும். கையின் மேல் வளைவு உடலின் வளைவைக் காட்டிலும் சற்று நீளமாக இருக்க வேண்டும். சேட்டில் அந்தக் கூடுதல் மிகச் சிறியது, பெண்களின் மேற்சட்டையில் சற்று அதிகம். அந்தக் கணக்கு குலையாமல் இருந்தால் அரைக் கை, முக்கால் கை, முழுக் கை ஆகிய மூன்றையும் விரும்பியபடி மாற்றிப் பொருத்தலாம். மார்புப் பொக்கற் மேலே வைத்துத் தைக்கும் துண்டு என்பதால், அதை வைப்பதா விடுவதா என்று சற்றுப் பிந்தியும் தீர்மானிக்கலாம். மூன்று கொலர், மூன்று கை, பொக்கற் உண்டு அல்லது இல்லை என்று கணக்கிட்டால் ஒரே உடற்பற்றனிலிருந்து பதினெட்டு வகைச் சேட்டுகள் கிடைக்கின்றன. வாடிக்கையாளரின் கண்ணுக்கு அது பெரிய சுதந்திரம். உங்கள் வெட்டுமேசையிலோ புதிதாக எதையும் தீட்ட வேண்டியதில்லை.

இதற்கு மாறாக ஒருவர் வந்து, விளையாட்டு ரீசேட்டுகளில் கழுத்திலிருந்தே சரிந்து இறங்குமே, அந்த ராக்லன் கை வேண்டுமென்று கேட்டால், அதைக் கைமாற்றம் என்று எண்ணி ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே தோள் தையலே இல்லாமல் போகிறது, முன்பக்கமும் பின்பக்கமும் வேறாகின்றன, சிறியது முதல் பெரியது வரை எல்லா அளவுகளுக்கும் பற்றனைப் புதிதாகத் தீட்ட வேண்டியிருக்கிறது. பக்கத் தையலுக்குள் ஒளிந்திருக்கும் பொக்கற்றும் அப்படித்தான்; துணியில் கத்தி வைப்பதற்கு முன்னரே முடிவாகியிருக்க வேண்டும். இவற்றைச் செய்து கொடுக்கலாம், ஆனால் புதிய பற்றனுக்குரிய கட்டணத்தை வாங்கிக்கொண்டு செய்து கொடுங்கள்.

சீருடைப் பொறுப்பாளர்

நான் மேசையின் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். கொழும்பில் ஒரு தனியார் மருத்துவ நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் சீருடைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மாற்றம் கேட்பவர்கள் மனம் நிலையில்லாதவர்கள் என்ற எண்ணம் இந்த இழையில் மெல்ல உருவாகிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் வரவேற்புப் பிரிவில் சாரி உடுப்பவர்களும் இருக்கிறார்கள், சல்வார் அணிபவர்களும் இருக்கிறார்கள், ஹிஜாபுடன் முழுக் கை அணிபவர்களும், காற்சட்டையும் சேட்டும் அணிபவர்களும் இருக்கிறார்கள். முன்பு ஒரு தயாரிப்பாளர் பெண்கள் அனைவருக்கும் ஒரே வெட்டில் அரைக் கை மேற்சட்டையைத் தைத்துத் தந்தார். விலை குறைவாகத்தான் இருந்தது. ஆனால் சிலர் அதற்குள்ளே கறுப்பு நிற முழுக் கை உள்ளாடை ஒன்றை அணிந்து வந்தார்கள், சிலர் மேலே சொந்தமாக ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டார்கள்; சீருடை என்று செலவழித்த பின்பும் ஒருவரும் ஒரே மாதிரி இருக்கவில்லை. அடுத்த முறை துணியையும் நிறத்தையும் விளிம்புப் பட்டியையும் மட்டும் நிலையாக வைத்துக்கொண்டு, வெட்டை ஊழியர்கள் தெரிவுசெய்ய விட்டோம். நான்கு விதமாகத் தைத்த அந்த உடைகள்தாம் முன்பு ஒரே வெட்டில் தைத்தவற்றைக் காட்டிலும் பார்ப்பதற்கு ஒரே நிறுவனத்தவர் என்ற தோற்றத்தைத் தந்தன.

இலச்சினையின் கதையையும் சொல்ல வேண்டும். எல்லோரும் வழக்கம்போல இடது மார்பில்தான் எம்பிரோய்டரி செய்யச் சொல்வார்கள். சாரியின் தலைப்பு விழுவது இடது தோளில். ஹிஜாபும் மார்பை மூடிக்கொள்கிறது. ஆகவே இலச்சினை யாருடைய கண்ணுக்கும் படாமல் துணிக்கு அடியில் கிடந்தது. அதை வலது கையின் மேற்பகுதிக்கு மாற்றலாம் என்று எங்களுக்குச் சொன்னவர் இரத்மலானையில் தையலகம் வைத்திருக்கும் ஓர் அக்கா. ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்கள் கை கழுவும்போது முழங்கைக்குக் கீழே துணி இருக்கக் கூடாது, ஆனால் வெளியே வந்தால் கையை மூடிக்கொள்ள விரும்புகிறார்கள் என்று சொன்னபோது, கையின் உட்புறத்தில் ஒரு சிறு பட்டியும் வெளிப்புறத்தில் ஒரு பொத்தானும் வைத்து, சுருட்டி மேலே நிறுத்தக்கூடிய முழுக் கையைத் தைத்துக் காட்டியவரும் அவரே. அந்தப் பட்டிக்குச் செலவான துணி உள்ளங்கை அளவுகூட இல்லை. இப்படிப்பட்ட ஒருவருக்குக் கூடுதல் விலை கொடுக்க எந்த நிர்வாகமும் தயங்காது என்று நினைக்கிறேன். எங்கள் நிர்வாகம் தயங்கவில்லை.

புறக்கோட்டைத் துணிக்காரன்

பற்றனில் எத்தனை சுதந்திரம் வைத்தாலும் துணி அதற்கு இடம் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத்தான் வந்தேன். கெய்சர் வீதியில் எங்கள் கடைக்கு வரும் சிறு தயாரிப்பாளர்கள், ஏற்றுமதித் தொழிற்சாலைகளின் மிச்சத் துணியை விரும்பி எடுப்பார்கள். மஹரகம பமுனுவயிலும் அதைத் தேடித்தான் ஆட்கள் போகிறார்கள். நல்ல தரம், நியாயமான விலை, வேறெங்கும் கிடைக்காத நிறங்கள். ஐம்பது உருப்படி தைப்பவருக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆனால் அந்த ரோல் முடிந்தால் முடிந்ததுதான். மூன்று மாதம் கழித்துப் புதிய ஊழியர்களுக்கு இன்னும் இருபது வேண்டுமென்றால் அதே துணியை எங்கே போய்த் தேடுவது? சீருடைக்கு மிச்சத் துணியைத் தொடாதீர்கள். திருமண வீட்டு ஓடருக்கும் ஒரு தடவைக்கான ரீசேட்டுக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

அடுத்தது சாயம். ஒரே நீலம் என்று நாங்கள் கொடுக்கும் இரண்டு ரோல்கள் இரண்டு வேறு சாயத் தொகுதிகளில், அதாவது வெவ்வேறு தடவைகளில் சாயமிடப்பட்டு வந்திருந்தால், கடையின் குழல் விளக்கின் கீழே ஒன்றுபோலத் தெரிந்தவை வெயிலில் வேறுவேறாகத் தெரியும். உடல் ஒரு ரோலிலும் கை மற்றொரு ரோலிலும் வெட்டப்பட்ட சேட்டைக் காலி வீதி வெயிலில் ஒரு தடவை பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை. இடையில் கையை நீட்டச் சொல்லி, துணி போதாமல் ஓடி வருபவர்களுக்கு நேர்வது இதுதான். ரோலின் நுனியில் சிறு துண்டு வெட்டி வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்த பின்பே வாங்குங்கள். வட்ஸ்அப் படத்தில் நிறத்தை ஒப்புக்கொள்ள வைக்காதீர்கள். ஒவ்வொரு கைபேசியும் ஒவ்வொரு நிறத்தைக் காட்டும்.

மொறட்டுவை மாணவி

ஆடை வடிவமைப்புப் பட்டப்படிப்பில் இருக்கிறேன். இங்கே பேசப்படும் விடயத்துக்கு உலக அளவிலும் நம் நாட்டிலும் முன்னுதாரணங்கள் இருக்கின்றன. பெனட்டன் நிறுவனம் நூலுக்குச் சாயமிட்டுப் பின்னும் வழக்கத்தை மாற்றி, சாயமிடாத நூலில் கம்பளி மேலாடைகளைப் பின்னி வைத்துக்கொண்டு, அந்தப் பருவத்தில் எந்த நிறம் விலைபோகிறது என்று தெரிந்த பிறகு முழு ஆடைக்கும் சாயமிட்டது. ஸாரா நிறுவனமும் சாயமிடாத துணியைக் கையிருப்பில் வைத்து, நிறம் பற்றிய முடிவைப் பிற்போடுகிறது. முடிவை எவ்வளவு தாமதமாக எடுக்க முடிகிறதோ அவ்வளவு பயன் என்பதே இவர்களுடைய வழி.

இலங்கையில் 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலத்தில், வெளிநாட்டிலிருந்து வந்த வடிவத்தை அப்படியே வெட்டித் தைத்துக் கொடுப்பதே பெரும்பாலும் நம் வேலையாக இருந்தது. எந்த நாடு எவ்வளவு ஆடை ஏற்றுமதி செய்யலாம் என்று வரையறுத்து 1974 முதல் உலகச் சந்தையில் நடைமுறையிலிருந்த கோட்டா முறை 2004 டிசம்பருடன் முடிவுக்கு வந்தபோது, மலிவான கூலியில் பங்களாதேஷுடன் போட்டியிட இயலாத நிலையில், மாஸ், பிரண்டிக்ஸ் போன்ற நம் நாட்டுப் பெரிய ஆடை ஏற்றுமதி நிறுவனங்கள் வடிவமைப்பையும் தயாரிப்பு மேம்பாட்டையும் தாங்களே செய்து கொடுக்கும் திசையில் வளர்ந்தன. சிறிய தையலகங்களும் அதே பாதையில்தான் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

வெட்டுமேசை

தங்கைச்சி சொன்ன வரலாறு சரி. நான் அதற்குள்ளே இருந்தே பார்த்தவன். ஆனால் பெனட்டனின் வழியை அப்படியே தெஹிவளைக்குக் கொண்டுவர முடியாது. சாயமிடாத ஆடைகளைக் களஞ்சியத்தில் குவித்து வைக்கப் பெரும் முதல் வேண்டும். சாயம் போடுபவரும் ஐம்பது உருப்படிக்காகத் தொட்டியை ஏற்றமாட்டார். லீவைஸ் நிறுவனமே 1990களின் நடுப்பகுதியில் பெண்களுக்குக் கணினியில் அளவெடுத்துத் தனித்தனியாக ஜீன்ஸ் தைத்துக் கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 2000களின் தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. பணம் இருக்கும் இடத்திலேயே நிலைமை அப்படி.

முடிவைப் பிற்போடும் அந்தக் கருத்தைச் சிறியவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய இடம் அச்சும் எம்பிரோய்டரியும் ஆகும். திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு திரை தயார் செய்ய வேண்டும். மூன்று நிற இலச்சினை என்றால் மூன்று திரை. அந்தச் செலவு இருபது ரீசேட்டில் பங்கிடப்பட்டால் கடிக்கும், இருநூறில் பங்கிடப்பட்டால் தெரியாது. கடைசி நேரத்தில் இலச்சினை மாறினால் திரைகள் மூன்றும் வீண். வெப்பத்தில் ஒட்டும் டிஜிட்டல் அச்சிலோ, வெப்பத்தால் சாயத்தைத் துணிக்குள்ளேயே ஏற்றும் சப்ளிமேஷனிலோ திரையே கிடையாது. ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் இலக்கத்தையும் வேறுவேறாகப் போட்டாலும் செலவு ஏறாது. மார்ச் மாதத்துப் பெரும் கிரிக்கெட் போட்டிக் காலத்தில் பழைய மாணவர்கள் குழுக் குழுவாக வந்து பெயர் போட்ட ரீசேட் கேட்கும்போது இதுவே கைகொடுக்கும். ஆனால் சப்ளிமேஷன் பொலியெஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் நிற்காது. கொழும்பு வெக்கையில் நாள் முழுவதும் பொலியெஸ்டர் போடச் சம்மதமா என்பதை வாடிக்கையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பருத்திதான் வேண்டுமென்றால் அச்சின் வழியும் மாறும்.

தெஹிவளைத் தையலகம்

இவ்வளவு அக்கறையுடன் எழுதிய எல்லோருக்கும் நன்றி. படித்த பின்பு ஓர் ஓடர்ப் படிவம் எழுதிப் பார்த்தேன். கொலர், கை, பொக்கற் ஆகியவற்றை வெட்டும் நாளுக்கு முதல் நாள் வரை இலவசமாக மாற்றிக்கொள்ளலாம். பொத்தான், அச்சு, பெயர் ஆகியவற்றை உடல் தைத்து முடியும்வரை மாற்றலாம். உடலின் வெட்டு மாறினால் புதிய பற்றனுக்குரிய கட்டணம். ஒப்புக்கொண்ட மாதிரி ஒன்றில் இரு தரப்பும் கையெழுத்திட்ட அட்டையைத் தைத்து, அதை எங்களிடம் வைத்துக்கொண்டு, அதேபோன்ற மற்றொன்றை வாடிக்கையாளரிடம் கொடுத்துவிடுவோம். அதன் பின்னர் வட்ஸ்அப்பில் வரும் எதுவும் இந்த அட்டையில் எழுதப்பட்டால்தான் செல்லும். இதைக் கண்டால் வாடிக்கையாளர்கள் விலகிப் போவார்களா என்பதுதான் என்னுடைய தயக்கம்.

சீருடைப் பொறுப்பாளர்

நாங்கள் விலகமாட்டோம். எங்களுக்கு வேண்டியது திகதி தெரிந்த வாக்குறுதி. எதை எந்த நாள்வரை மாற்றலாம் என்று தெரிந்தால், நானும் எங்கள் பிரிவுத் தலைவர்களை அந்த நாளுக்கு முன்னர் முடிவெடுக்க வைக்கலாம். அது தெரியாதபோதுதான் ஒவ்வொருவரும் நினைத்த நேரத்தில் வந்து ஒன்றைச் சொல்கிறார்கள்.

ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லா அளவுகளிலும் ஒவ்வொன்று தைத்த ஓர் அளவுத் தொகுதியை எங்கள் அலுவலகத்தில் இரண்டு நாள் வைத்துவிட்டுப் போங்கள். அளவுநாடாவைக் கண்டால் கூச்சப்படும் ஊழியர்கள் இருக்கிறார்கள். போட்டுப் பார்த்துத் தமது அளவைத் தாமே எழுதட்டும். கை நீளம், உடல் நீளம் ஆகிய இரண்டுக்கும் மட்டும் கூட்டவோ குறைக்கவோ ஒரு கட்டம் விடுங்கள்.

வெட்டுமேசை

படிவம் நன்றாக இருக்கிறது. ஒரு திருத்தம் அவசியம். கொலரையும் பொக்கற்றையும் வெட்டும் நாளுக்கு முதல் நாள் வரை திறந்து வைக்கலாம். கையை அப்படி வைக்காதீர்கள். கையின் கடைசி நாள், துணி வாங்கும் நாளுக்கு முதல் நாளாக இருக்க வேண்டும். 58 அங்குல அகலத் துணியில் அரைக் கை முழுக் கையானால், கைப்பட்டியையும் சேர்த்து ஒரு சேட்டுக்குக் கால் மீற்றர் அளவில் கூடும். இருநூறு சேட்டுகளுக்கு அது ஐம்பது மீற்றர். வெட்டும் நாளுக்கு முதல் நாள் மாலையில் அந்த ஐம்பது மீற்றரைத் தேடிப் போனால், புறக்கோட்டை நண்பர் சொன்ன வேறு சாயத் தொகுதியில்தான் போய் நிற்பீர்கள்.

பருத்திப் பின்னல் துணியாக இருந்தால், மாதிரியில் கையெழுத்து வாங்குவதற்கு முன்னர் அதை ஒரு தடவை தோய்த்து உலர்த்துங்கள். முதல் சலவையில் நீளம் நூற்றுக்கு ஐந்து வீதம் சுருங்கினால், 28 அங்குல ரீசேட்டில் ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் போய்விடும். சீருடைப் பொறுப்பாளர் கேட்கும் அளவுத் தொகுதியையும் தோய்த்த பின்பே அவரிடம் அனுப்புங்கள். தோய்க்காத உடையைப் போட்டுப் பார்த்து எழுதிய அளவுகளை வைத்து வெட்ட முடியாது.

தெஹிவளைத் தையலகம்

கையின் திகதியைத் துணி வாங்கும் நாளுக்கு முன்னால் மாற்றிவிட்டேன். தோய்த்த பின்பே அளவுத் தொகுதி அனுப்பப்படும் என்ற வரியும் சேர்ந்துவிட்டது. அடுத்த ஓடர் ஒரு முன்பள்ளியின் ஆசிரியைகளுக்கான உடைகள்; அவர்களிலும் சாரி உடுப்பவர்களும் சல்வார் அணிபவர்களும் இருப்பதால், இலச்சினையை வலது கையில் வைப்பதாகவே முதல் மாதிரியைத் தைக்கச் சொல்லியிருக்கிறேன்.